மூன்றாம் சிலிண்டர் மட்டும் ஏன் சுடுகிறது? பாஃபிள் றப்பரை ஒழுங்காகப் பொருத்துவது பற்றி

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் திருகோணமலை உவர்மலையில் வளர்ந்தவர், இப்போது மெல்பேர்னில் இருக்கிறார். வீட்டுக் கராஜில் இரண்டு இருக்கை விமானம் ஒன்றைத் தன் கையாலேயே கட்டி முடித்து, இந்த வருடம்தான் பறக்கத் தொடங்கியிருக்கிறார். எஞ்சின் லைகோமிங் ஓ-320. எஞ்சினைச் சுற்றி நிற்கும் பாஃபிள் தகடுகளின் விளிம்பில் பொருத்திய றப்பர் பட்டி மூலைகளில் சுருங்கி மடிகிறதாம். சின்ன இடைவெளிகளில் பூசிய சிலிக்கன் பார்க்கவே அலங்கோலமாக இருக்கிறதாம். இதை எப்படி அழகாக முடிப்பது என்று கேட்டிருக்கிறார். கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வது போல, மேலேறும்போது மற்றச் சிலிண்டர்கள் 390 பாகை ஃபரன்ஹைட்டில் நிற்க, மூன்றாவது மட்டும் 425க்குப் போகிறது என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். றப்பர் மடிவதும் மூன்றாம் சிலிண்டர் சுடுவதும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எது என்று பார்க்காமல் மேலும் மேலும் சிலிக்கனைப் பூசிக்கொண்டே போனால், அடைக்கக் கூடாத ஓர் இடத்தையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். அந்த இடத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன். என் கை பழகியது லைகோமிங், கொன்டினென்டல் எஞ்சின்களில்தான். ரோட்டக்ஸ் 912 எஞ்சின் வைத்திருப்பவர்கள் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் சிலிண்டர் தலை தண்ணீரால் குளிர்கிறது, காற்றுக்கு உள்ள வேலை வேறு. காலையில் உள்துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாவிலிருந்து விமானப்படைக் கல்லூரியின் செஸ்னா 150கள் எழும்பும் சத்தம் கேட்கும்போது, அவற்றுக்குள் இருக்கும் ஓ-200 எஞ்சினின் பாஃபிள்கள் இப்போதும் கண்முன் வந்து நிற்கும். அதுவும் இதே ஏற்பாடுதான்.

ஏற்பாடு இப்படி. மூக்கில் புரொப்பெல்லருக்குப் பின்னால் இரு பக்கமும் இரண்டு வாய்கள். அவற்றால் நுழையும் காற்று எஞ்சினுக்கு மேலே தேங்க வேண்டும். தேங்கிய காற்று சிலிண்டர்களின் செதில்களுக்கு, அதாவது சூட்டை வெளிவிட அவற்றைச் சுற்றி நிற்கும் மெல்லிய உலோக மடல்களுக்கு, இடையால் கீழே இறங்கி, சூட்டை எடுத்துக்கொண்டு, கீழ்ப்புற வாயால் வெளியே போக வேண்டும். மேலே தேக்கி வைப்பதற்குத்தான் சுற்றிவரத் தகடுகள். ஆனால் எஞ்சின் றப்பர்த் தாங்கிகளில் இருந்து ஆடும், கவுலிங் என்று நாங்கள் சொல்லும் மூடி உடம்போடு இறுகி ஆடாமல் நிற்கும். இரண்டும் முட்டக் கூடாது என்பதால் தகட்டின் விளிம்புக்கும் மூடிக்கும் இடையில் 10 முதல் 12 மில்லிமீற்றர் வெளி விடுகிறோம். அந்த வெளியை மூடுவதுதான் றப்பர் பட்டியின் வேலை.

இதில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. மணிக்கு 80 கடல்மைல் வேகத்தில் மேலேறும்போது, எதிர்க்காற்று முழுவதையும் ஒரு துளி வீணாகாமல் பிடித்தாலும், கடல் மட்டத்தில் அது சுமார் 106 மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம். ஒரு கிளாஸ் தண்ணீரின் உயரம், அவ்வளவுதான். அந்த ஒரு கிளாஸை வைத்துக்கொண்டுதான் நாலு சிலிண்டரையும் எண்ணெயையும் குளிர வைக்க வேண்டும். வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்க்காலால் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வரம்பில் நாலு நண்டு வளை இருந்தால் மேட்டுப் பாத்தி காயும். காற்றும் அப்படித்தான். செதில்களுக்கு இடையால் நெருக்குப்பட்டு இறங்குவதைவிட, றப்பருக்கும் மூடிக்கும் இடையால் நழுவிப் போவது அதற்கு லேசு. ஒன்றரை மீற்றர் நீளத்துக்கு ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் அது 15 சதுர சென்ரிமீற்றர், ஒரு எலுமிச்சம்பழம் நுழையும் ஓட்டை. கண்ணுக்கு அது ஓட்டையாகவே தெரியாது.

இங்கே அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு முச்சக்கர வண்டிப் பட்டறையில் போன மாதம் ஒரு பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைக் கழற்றி வைத்திருந்தார்கள். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது. விசிறி நன்றாகச் சுற்றுகிறது, எண்ணெயும் சரி. ஆனால் சிலிண்டரைச் சுற்றி இருக்க வேண்டிய தகரக் கூடு இல்லை. முன்பு யாரோ பழுதுபார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். விசிறி அடித்த காற்று செதிலுக்குள் போகாமல் நாலு பக்கமும் சிதறியிருக்கிறது. அந்தத் தகரக் கூடு செய்கிற வேலையைத்தான் உங்கள் பாஃபிளும் செய்கிறது.

சரி, இனி றப்பருக்கு வருவோம். நிச்சயமாகச் சொல்லக் கூடியது ஒன்று: பட்டி எப்போதும் அழுத்தம் கூடிய பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பின்தகட்டில் உள்ளது முன்னோக்கி, பக்கத் தகடுகளில் உள்ளது உள்நோக்கி, எஞ்சின் பக்கம். அப்படிச் சாய்ந்திருந்தால் மேலே தேங்கும் காற்றே பட்டியை மூடியின் உட்புறத்தோடு சேர்த்து அமுக்கிவிடும். பசையும் வேண்டாம், விறைப்பும் வேண்டாம். வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டால் அதே காற்று அதைத் தள்ளித் திறந்துகொண்டு போகும். இந்த வேலையின் அழகு முழுவதும் இதில்தான் இருக்கிறது. காற்றைக்கொண்டே காற்றை அடைக்கிறோம்.

மூலையில் ஏன் சுருங்குகிறது? நேரான பட்டியை வளைவைச் சுற்றி உட்பக்கம் சாய்த்தால், மேல் விளிம்புக்குப் போக வேண்டிய தூரம் அடியைவிடக் குறைகிறது. மிஞ்சும் றப்பர் எங்கே போகும்? சுருக்கமாக எழும்பும், ஒவ்வொரு சுருக்கத்துக்குக் கீழும் ஒரு குழாய் திறக்கும். சட்டைக் கழுத்து தைக்கிற தையற்காரர் வளைவில் துணியை மடிக்கும் முன் சின்னச் சின்ன வெட்டுகள் போடுவாரே, அதே வேலைதான் இங்கும். ஒரே நீளப் பட்டியாக மூலையைச் சுற்றிக் கொண்டுபோக வேண்டாம். நேரான பகுதிக்கு ஒரு துண்டு, மூலைக்குத் தனியாக ஒரு சின்னத் துண்டு, மறுபக்கத்துக்கு இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்று ஓர் அங்குலம் ஏறி நிற்கட்டும். மூலைத் துண்டு காற்றின் பக்கம், அதாவது உள்ளே இருக்க வேண்டும். அப்போது அழுத்தம் அதை மற்ற இரண்டின்மேலும் படிய வைக்கும். அந்தத் துண்டில் மட்டும் வி வடிவில் ஒன்றோ இரண்டோ வெட்டு. வெட்டின் அடி முனையில் ஒரு சிறு வட்டத் துளை குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கிழிசல் அங்கிருந்து கீழே ஓடும்.

றப்பரில் கை வைக்கும் முன் அட்டையில் வெட்டிப் பாருங்கள். பழைய கொப்பி மட்டை போதும். நான் எந்த விமானத்திலும் அட்டை இல்லாமல் நேரே றப்பரை வெட்டியதில்லை. பட்டி மூடியில் ஓர் அங்குலமாவது படிய வேண்டும். அதைவிட நீளமாக விட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நீளம் கூடினால் மூடியை இறக்கும்போது மறுபக்கம் புரளும். துளைகளைத் துளைகருவியால் போட வேண்டாம், றப்பரைச் சுற்றி இழுத்துக் கந்தலாக்கிவிடும். குழாய் வடிவக் குத்துளி ஒன்றை வைத்து மரக்கட்டையின் மேல் சுத்தியலால் ஒரே தட்டு. றிவெற் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று போதும். றப்பரின் மேல் நேரே றிவெற் தலை உட்கார்ந்தால் நாளடைவில் தலை உள்ளே போய் றப்பர் கழன்றுவிடும். அதனால் மெல்லிய அலுமினியப் பட்டை ஒன்றை மேலே வைத்து, அதற்கூடாக றிவெற் அடியுங்கள். வேலை சுத்தமாகத் தெரிவதற்கும் அதுதான் காரணம்.

உங்கள் தகட்டின் விளிம்பே மூடியின் வளைவுக்கு ஒத்துப்போகவில்லை என்றால் றப்பரை எப்படி வெட்டினாலும் சரிவராது. அதைப் பார்க்க எளிய வழி காகிதக் கிளிப். விளிம்பு நெடுக ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக, பாதி மேலே தெரியும்படி செருகி, மூடியை மெதுவாக இறக்கிப் பூட்டித் திரும்ப எடுங்கள். மூடி கிளிப்புகளைத் தன் வளைவுக்கு ஏற்ப அமுக்கி விட்டிருக்கும். கிளிப்புகளின் உச்சிகளை இணைக்கும் கோடுதான் மூடி. அதிலிருந்து 10 மில்லிமீற்றர் கீழே தகட்டில் கோடு போட்டு வெட்டுங்கள். ஒரே தடவையில் முடிக்கப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவை இறக்கி ஏற்றிச் செய்யுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் மழுக்குங்கள்.

இனி சிலிக்கன். இதில் என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. மூன்று மில்லிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியைச் சிலிக்கனால் நிரப்பவே கூடாது. அதற்கு ஒரு தகட்டுத் துண்டு வெட்டி றிவெற் அடிக்க வேண்டும். தகடு எஞ்சின் உடலைத் தொடும் மடிப்பு, இரண்டு தகடு சந்திக்கும் மூலை, வேலைக்காகப் போட்டு மிஞ்சிய துளை, இவைதான் சிலிக்கனின் இடம். சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும். குழாயைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் அதை அலுமினியத்தில் பூசாதீர்கள். அந்த மணம் அசற்றிக் அமிலம், இறுகும்போது வெளிவந்து உலோகத்தை அரிக்கும். அமிலம் விடாத நடுநிலை வகை கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். நம்மைப் போலக் கடற்கரையில் விமானம் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். றப்பருக்கு அடியில் உப்பு ஈரம் தேங்கி, வருடாந்தப் பரிசோதனைக்குப் பட்டியைக் கழற்றும்போது வெள்ளை மாவாக உதிரும் தகடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வெட்டிய விளிம்புக்கும் துளைக்கும் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்துவிட்டு றப்பரைப் பொருத்துங்கள்.

அழகாக வர வேண்டுமென்றால் முக்கால்வாசி வேலை பூசுவதற்கு முன்னாலேயே இருக்கிறது. அசற்றோனால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். இடைவெளியின் இரு பக்கமும் ஐந்து மில்லிமீற்றர் விட்டு மறைப்பு நாடா ஒட்டுங்கள். மெல்லிய கோடாகச் சிலிக்கனை விட்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரே இழுப்பில் தடவுங்கள். விரலை நடுவில் எடுத்தால் அந்த இடத்தில் கட்டாயம் மேடு வரும். மேல்தோல் பிடிக்கும் முன் நாடாவை உரித்துவிடுங்கள். நாடா போன இடத்தில் சட்டைக் கரை போல நேர்விளிம்பு நிற்கும். சிலிக்கன் காற்றின் ஈரத்தைப் பிடித்துத்தான் இறுகுகிறது. கச்சான் அடிக்கும் வறண்ட நாளில் ஒரு மாதிரியும், வாடைக் காலத்து ஈரக்காற்றில் இன்னொரு மாதிரியும் நடந்துகொள்ளும். உங்கள் ஊர்க் காற்றுக்கு எவ்வளவு நேரம் என்று ஒரு துண்டுத் தகட்டில் முதலில் தடவிப் பாருங்கள். பின்னால் கழற்ற வேண்டிய தகடாக இருந்தால், ஒரு பக்கத்தில் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்துவிட்டுப் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, மறுபக்கம் அச்சு எடுத்தது போலப் படிந்து நிற்கும். பெற்றோல் குழாய் இணைப்புகளின் பக்கம் சிலிக்கனைக் கொண்டுபோகவே வேண்டாம், பெற்றோல் பட்டால் அது ஊதும்.

இப்போது உங்கள் மூன்றாம் சிலிண்டர். லைகோமிங்கில் வலது முன்னால் ஒன்று, இடது முன்னால் இரண்டு, வலது பின்னால் மூன்று, இடது பின்னால் நாலு. மூன்றாவதின் பின்பக்கமும் இரண்டாவதின் முன்பக்கமும் தலையில் செதில்கள் ஆழமில்லாத இடங்கள். அங்கே பாஃபிள் சுவர் தலையோடு ஒட்டி நின்றால், செதில்களுக்குள் காற்று இறங்க வழியே இல்லாமல் போகும். மூன்றாவதுக்குப் பின்னால் அந்தச் சுவர் அநேகமாக ஒட்டித்தான் நிற்கும். கட்டுகிறவர்கள் பலர் சுவரைப் பிடிக்கும் ஆணியில் தலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தடித்த வொஷர் வைத்து, கொஞ்சம் வெளி விடுகிறார்கள். சிலர் சுவரின் பின்னால் சின்னக் கூடு அடித்துக் காற்றுக்குச் சுற்றுவழி செய்கிறார்கள். நான் தொடக்கத்தில் சொன்ன, அடைக்கக் கூடாத இடம் இதுதான். வெளிச்சம் தெரிகிறதே என்று அதைச் சிலிக்கனால் நிரப்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். செய்த வேலை பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. சிலிண்டர் முன்பைவிடச் சுட்டது.

வெளிச்சம் என்றேன், அந்தச் சோதனையைச் சொல்கிறேன். இரவில் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் பிரகாசமான ரோச் ஒன்றை வையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மேலிருந்து பாருங்கள். செதில்களுக்கு இடையால் கோடு கோடாக வெளிச்சம் வர வேண்டும், அது காற்றின் வழி. செதில் இல்லாத இடத்தில் எங்கே புள்ளியாகவோ கீற்றாகவோ தெரிகிறதோ, அது நண்டு வளை. சிலிண்டர்களுக்கு நடுவே கீழிருந்து அணைத்துப் பிடிக்கும் சிறு தகடுகளையும் இப்போதே பாருங்கள். அவை செதில் நுனிகளோடு ஒட்டி நிற்க வேண்டும். அவை தொங்கிக் கிடந்தால் மேலே எவ்வளவு அடைத்தாலும் காற்று செதிலைத் தொடாமலே இறங்கிப் போகும். றப்பரைப் பார்க்கிற கண்கள் இவற்றைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

ஆனால் ரோச் சோதனை மூடி இல்லாதபோது செய்வது. மூடி போட்ட பிறகு றப்பர் என்ன செய்கிறது என்பதை அது சொல்லாது. ஒருமுறை எங்கள் பட்டறைக்கு ஒரு விமானம் வந்தது, அதிலும் பின் சிலிண்டர் சூடு. உரிமையாளர் சூட்டை அளக்கும் உணர்கருவியை மாற்றி, கார்புரேற்றரில் எரிபொருளை அளந்து விடும் ஜெற்றை மாற்றி, இரண்டு மாதம் அலைந்துவிட்டு வந்திருந்தார். நான் மேல்மூடியைக் கழற்றி, பழைய கம்பளி விரித்த மேசையில் மல்லாக்கப் போட்டேன். உட்புற வெள்ளைப் பூச்சில், றப்பர் உரசிய இடமெல்லாம் கண்ணுக்கு மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு, விரலால் தடவினால் வழுவழுப்பு. வலது பின் மூலைக்கு வந்ததும் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இல்லை. அந்த இடத்தில் பின்னோக்கி விசிறி விரித்தாற்போல மண்ணிறத் தூசி படிந்திருந்தது. மூடியை இறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மூலையில் பட்டி வெளிப்பக்கம் புரண்டிருக்கிறது. மூடி இல்லாமல் பார்த்தால் பட்டி மிக ஒழுங்காக நிமிர்ந்து நின்றது. மூலையைத் துண்டுகளாகப் பிரித்து மாற்றியதும் சூடு இறங்கியது. எத்தனை பாகை இறங்கியது என்பதை நீங்கள் உங்களுக்குக் கணக்காக எடுக்க வேண்டாம். மூடியின் வடிவம், வாயின் அளவு, வெளியேறும் வாய் என்று எல்லாவற்றோடும் அது மாறும்.

இன்னொரு இடம் முன்பக்கம். பின்னாலும் பக்கத்திலும் கவனமாகச் செய்பவர்கள், புரொப்பெல்லர் தண்டுக்குப் பின்னால் இரண்டு வாய்களுக்கும் இடைப்பட்ட பகுதியையும், வாயின் அடியில் உள்ள சரிவுத் தகட்டையும் அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். உள்ளே வந்த காற்று அங்கிருந்து கீழே விழுந்தால், கீழ்ப்புற அழுத்தம் கூடி, செதில் வழியே இறங்க வேண்டிய காற்றுக்கும் அது தடையாகும். இழப்பு இரட்டிப்பு. மூடி பூட்டிய பிறகு கைபேசியை வாய்க்குள் நீட்டி வீடியோ எடுங்கள். ஒருவர் இலை ஊதும் இயந்திரத்தால் மற்ற வாய்க்குள் ஊதட்டும். எந்தப் பட்டி மூடியில் ஒட்டுகிறது, எது படபடக்கிறது என்பது படத்தில் தெரியும்.

மூடியோடு இழுபறிப்படாமல், எஞ்சினுக்கு மேலேயே தனியாக ஒரு கூரை போட்டு அடைத்துவிடலாமா என்று அடுத்த கேள்வி வரும். வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். செய்யலாம், நன்றாகச் செய்தால் கசிவு குறைவுதான். ஆனால் ஒவ்வொரு தடவை பிளக் பார்க்கவும் அந்தக் கூரையைக் கழற்ற வேண்டும். அதன் வாய்க்கும் கவுலிங்கின் வாய்க்கும் நடுவே எப்படியும் ஒரு றப்பர் இணைப்பு வேண்டியும் வரும். ஏற்கெனவே பறக்கும் விமானத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு, அவர்களிடமும் நியாயம் இருக்கிறது.

425 பாகை பயப்பட வேண்டிய எண்ணா? அந்த எஞ்சினுக்கு உச்ச வரம்பு 500 ஃபரன்ஹைட், அதாவது 260 செல்சியஸ். அந்த வரம்புக்கு நீங்கள் கிட்டவும் இல்லை. ஆனால் சிலிண்டர் நீண்டநாள் உழைக்க வேண்டுமென்றால் 400க்குக் கீழே, 204 செல்சியஸுக்குள், வைத்திருப்பதுதான் நல்லது. புது எஞ்சின் முதல் சில மணித்தியாலங்கள் சூடாகத்தான் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். முக்கியமாக, எதையும் வெட்டுவதற்கு முன் மூன்றாவதின் உணர்கருவியை ஒன்றாவதோடு மாற்றிப் போட்டு ஒருமுறை பறந்து பாருங்கள். சூடு ஒன்றாவதுக்கு மாறி வந்தால் சிலிண்டரில் பிழை இல்லை, கருவியில்தான். மூன்றிலேயே நின்றால் மூடியைத் திறவுங்கள். காற்று வழி எல்லாம் சரியாக இருந்தும் அது மட்டும் சுட்டால், அந்தச் சிலிண்டரின் உள்ளிழுப்புக் குழாய் இணைப்பில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். அங்கே வெளிக்காற்று சேர்ந்தால் கலவை மெலிந்து சூடு ஏறும். அதை உங்கள் ஊரில் கையொப்பமிடும் பொறியாளர் ஒருவர் நேரில் பார்ப்பதே சரி, நான் இங்கிருந்து எழுதி முடிக்கக் கூடியது அல்ல.

இந்த வாரம் றப்பரை உரிக்க வேண்டாம். மேல்மூடியைக் கழற்றி மல்லாக்க வைத்து, பகல் வெளிச்சத்தில் உட்புறத்தை நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்துப் போடுங்கள். மூன்றாவதின் பின்சுவருக்கும் தலைக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். கறுப்புக் கோடு எங்கே அறுகிறது என்று பார்த்து, எந்தத் துண்டை மாற்றினால் போதும் என்று சொல்கிறேன்.